நாற்பத்திரண்டாம் எண் அந்துப்பூச்சி

4 ஜூன் 2018, திங்கள்

கல்லூரி திறந்த முதல் மணி நேரத்திலேயே முதல்வர் அழைத்தார். பழைய விலங்கியல் கட்டடத்தை இடித்துவிட்டுக் கணினித் துறைக்குப் புதுக் கட்டடம் எழுப்பப் போகிறார்களாம். மாடியில் இருக்கும் பூச்சி அலமாரியை ஜூலை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும்.

"பெங்களூர்ப் பூச்சிக் காப்பகத்துல எடுத்துக்கிட்டா நல்லது. இல்லேன்னா பின்பக்கம் ஒரு குழியத் தோண்டிப் புதைச்சிருவோம். பாச்சை உருண்டை நாத்தம் தாங்கல. பட்டியல் போட உங்கள விட்டா யாரு இருக்கா, நயினார்?"

இவர் எனக்கு மூன்று ஆண்டு இளையவர். நான் துறைத் தலைவராகியிருக்க வேண்டிய ஆண்டில் தலைவரானவர். வேலை வாங்கும் நாளில் மட்டும் என் படிப்பு இவர் நினைவுக்கு வரும்.

ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அந்த அலமாரியை முப்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் டாக்டர் ஹெப்சிபா. 1996 ஏப்ரலில் என் வாழ்வின் ஒரே கண்டுபிடிப்பை வண்டுக்குத் தின்னக் கொடுத்தவரும் அவர்தான். அந்த அலமாரி எத்தனை கேவலமாகக் கிடக்கிறது என்பதை என் கண்ணால் பார்த்து எழுத்தில் பதிய ஒரு வாய்ப்பு. இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்ததற்கு இதுவாவது கிடைத்ததே.

5 ஜூன், செவ்வாய்

அலமாரி கேவலமாக இல்லை.

இருபத்தெட்டு இழுப்பறைகள். ஆய்வக உதவியாளர் சுடலைமுத்து சாவியோடு வந்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர். நான் ஒவ்வொன்றாக இழுத்தேன். கண்ணாடியில் தூசி இல்லை. காய்ந்த பூச்சிகளைத் தின்னும் வண்டு அரித்த மாவு ஒரு சிட்டிகை கூட இல்லை. மூலைக்கொரு பாச்சை உருண்டை, புதிதாக.

"யார் போடுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"நாந்தான் சார். அந்தம்மா ரிட்டயர் ஆவும்போது சொல்லிட்டுப் போனாவ. சுடலை, எத மறந்தாலும் கடைசி டிராயர மறக்காதன்னாவ. மேல உள்ளதெல்லாம் சவம், சும்மா கூட சேந்து பொழச்சிட்டு."

முதல் ஐந்து இழுப்பறைகளை இன்று பார்த்து முடித்தேன். என்ன சொல்ல, அழகான வேலை. துணி அரிக்கும் அந்துப்பூச்சியும் காளான் தின்னும் அந்துப்பூச்சியும் ஒரே குடும்பம், டினெயிடே. மற்ற அந்துப்பூச்சிகளின் புழுக்கள் பச்சை இலையைத் தேடிப் போகும். இந்தக் குடும்பத்துப் புழுக்கள் பெரும்பாலும் இலையைத் தொடுவதில்லை. உதிர்ந்த மயிர், இறகு, கொம்பு, குளம்பு, ஆந்தை கக்கிய உருண்டை, வௌவால் எச்சம், மக்கிய கட்டையில் முளைத்த காளான் என்று உலகம் கழித்துப்போட்டதைத் தின்று வளர்பவை. முப்பது வயதில் எனக்கு இவை ஏன் பிடித்துப்போயின என்று இப்போது புரிகிறது.

முதல் இழுப்பறையில் வீட்டுப் பூச்சிகள். வைக்கோல் நிறம், அரிசி நீளம். தலையில் எண்ணெய் காணாத பரட்டை முடி. அந்தப் பரட்டையை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். இரண்டாவதில் பறவைக் கூட்டில் வாழ்பவை. முன்னிறக்கையின் நடுவே செதிலற்ற ஒரு பொட்டு, கண்ணாடி பதித்த ஜன்னல் போல. நான்காவதில் மாஞ்சோலைச் சாலையோரம் கிடைத்த காட்டெருமைக் கொம்பின் ஒரு துண்டு. அதன் மேல் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் புழுக்கூடுகள். கொம்பைத் தின்று செரிக்கிற வயிறு எப்படிப்பட்ட வயிறு.

அநேகமாக எல்லாச் சீட்டுகளும் ஹெப்சிபாவின் கையெழுத்தில், கடுகளவு எழுத்தில். ஊர், உயரம், தேதி, எதில் கிடைத்தது, யார் எடுத்தது. ஒன்றிலும் அடித்தல் திருத்தல் இல்லை.

8 ஜூன், வெள்ளி

வீட்டுக் கூடத்துச் சுவரில் கூடு சுமந்து போகும் புழு ஒன்று. இந்த ஊரில் எல்லா வீட்டுச் சுவரிலும் பார்க்கலாம். வெள்ளரி விதை போன்ற தட்டையான கூடு, இரண்டு பக்கமும் வாசல். ஒரு வாசலில் ஆபத்து என்றால் உள்ளேயே திரும்பி மறு வாசலில் தலை நீட்டும். என் மனைவி காந்திமதி துடைப்பத்தோடு வந்தாள். கொஞ்சம் பொறு என்றேன்.

"காலேஜ்ல பாக்கது காணாதா? வீட்லயும் ஆரம்பிச்சாச்சா?"

சாம்பல் நிறக் கூடு. ஆனால் ஒரு நுனியில் மஞ்சள் வளையம். சுவர்த் தூசியும் மண்ணும் கிடைத்ததை ஒட்டிக் கூட்டை நுனியில் வளர்த்துக்கொண்டே போவது இதன் வழக்கம். எந்த வாரம் எங்கே மேய்ந்தது என்பதைக் கூட்டிலேயே படித்துவிடலாம். இந்த மஞ்சள் கம்பளி நூல். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை.

இந்த வீட்டில் மஞ்சள் கம்பளி கிடையாது. பாளையங்கோட்டை வெயிலில் யார் கம்பளி வைத்திருப்பார்கள்?

புழுவை ஒரு சிறு புட்டியில் போட்டு மூடியில் துளையிட்டு வைத்தேன்.

11 ஜூன், திங்கள்

இருபத்து மூன்றாவது இழுப்பறை வரை வந்துவிட்டேன். காளான் பூச்சிகள். கோதையாறு, குற்றாலம், களக்காடு. கருப்பில் வெள்ளி மழை தெளித்தது போன்ற இறக்கைகள், பட்டையின் பாசி போலவே புள்ளியிட்டவை. பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

மாலைக்குள் இருபத்தேழாவதையும் பார்த்துவிட்டேன். அதன் முகப்பில் "இடம் தெரியாதவை" என்று எழுதியிருக்கிறது. எந்தப் பிரிவிலும் அடங்காதவற்றை எந்தப் பிரிவிலும் திணிக்காமல் தனியே வைத்திருக்கிறார். இந்தக் குடும்பத்தின் பாதி வகைப்பாடு இன்னும் முடியாத வழக்கு. பலரும் தங்களுக்குத் தெரியாததை அடுத்தவன் இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார்கள். தெரியாது என்பதற்கு ஓர் இழுப்பறை முழுவதையும் ஒதுக்க ஒரு மனம் வேண்டும். எதிரி செய்தது என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

12 ஜூன், செவ்வாய்

கடைசி இழுப்பறையைத் திறந்தேன். அதனுள் ஒரு சிறு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஒரே ஒரு பூச்சி.

என் பூச்சி.

வண்டு தின்றதாக அவர் சொன்ன பூச்சி. நான்கு இறக்கையும் முழுசாக, முன்னிறக்கையின் வெள்ளிப் புள்ளியில் ஒரு செதில் கூட உதிராமல். ஊசியில் என் சீட்டு: கோதையாறு, காளான் கட்டையிலிருந்து, 2.3.1996, எடுத்தவர் ஆறுமுகநயினார், ஸ்லைடு எண் 42. அதன் கீழே அந்த வயதின் திமிரோடு நான் எழுதிய இன்னொரு சீட்டு: "புதிய பேரினம்."

பெட்டியை மூடிவிட்டேன்.

அப்படியானால் அவர் பொய் சொல்லியிருக்கிறார். ஒளித்து வைத்திருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகள்.

13 ஜூன், புதன்

விஷயத்தை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், நாளைக்கு உதவும்.

அந்துப்பூச்சியை இறக்கையை வைத்து மட்டும் இனம் பிரிக்க முடியாது. வயிற்றை ஒடித்தெடுத்து, காரக் கரைசலில் சூடாக்கி, நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துக் கண்ணாடி ஸ்லைடில் பதிப்போம். ஸ்லைடுக்கு என்ன எண்ணோ அதே எண் பூச்சியின் ஊசியிலும் இருக்கும். பூச்சி ஒரு பெட்டியில், அதன் வயிறு வேறு பெட்டியில். இரண்டையும் சேர்த்துவைப்பது அந்த எண் ஒன்றுதான்.

1996-இல் நான் கண்டது இது: இறக்கை காளான் பூச்சியுடையது, 42-ஆம் ஸ்லைடில் இருக்கும் உறுப்போ துணிப் பூச்சி வகையுடையது. இரண்டு கிளைகளுக்கும் நடுவே ஒரு பாலம். அப்படி ஒன்று உலகில் யாரும் கண்டதில்லை. கட்டுரை எழுதி முடித்து, தபாலில் சேர்ப்பதற்கு முந்தின நாள், பூச்சியை வண்டு தின்றுவிட்டது என்றார் ஹெப்சிபா. பூச்சி இல்லையென்றால் இனமும் இல்லை. அதுதான் எங்கள் சட்டம். கட்டுரையைக் கிழித்தேன். பிறகு நான் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. பதிலாக ஒரு புகார் எழுதினேன். நிர்வாகத்துக்கு ஒன்று, பெங்களூர்க் காப்பகத்துக்கு ஒரு நகல். அவருக்குத் தலைமைப் பதவி கிடைக்கவில்லை. அன்று அதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

இப்போது என் கையில் பூச்சி இருக்கிறது. முதல்வரிடம் நாளை காட்டுவேன்.

14 ஜூன், வியாழன்

காட்டவில்லை. ஊசியை இன்னும் மேலே தூக்கிப் பார்த்தேன். என் இரண்டு சீட்டுகளுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு சீட்டு, ஹெப்சிபாவின் கடுகெழுத்தில்:

"இறக்கை: ஆண். ஸ்லைடு: பெண். 16.4.96."

15 ஜூன், வெள்ளி

விடுப்பு. தலைவலி.

18 ஜூன், திங்கள்

பின்னிறக்கையின் அடியில் ஒரு முள் உண்டு. முன்னிறக்கையோடு அதைக் கோத்துத்தான் பூச்சி பறக்கும். ஆணுக்கு ஒரே முள். பெண்ணுக்கு இரண்டோ மூன்றோ. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லித் தருவது இது.

நுண்ணோக்கியில் எண்ணினேன். ஒன்று. திரும்ப எண்ணினேன். ஒன்று.

42-ஆம் ஸ்லைடில் இருப்பது சந்தேகமில்லாமல் பெண்.

ஆனால் பாதி ஆணும் பாதி பெண்ணுமாகப் பிறக்கும் பூச்சிகள் உண்டு. அபூர்வம், ஆனால் உண்டு. அப்படியானால் இது இன்னும் பெரிய கண்டுபிடிப்பு. இதை ஹெப்சிபாவுக்கு யோசிக்கத் தோன்றியிருக்காது.

21 ஜூன், வியாழன்

இருபால் பூச்சிகள் பற்றிப் படித்தேன். இறக்கை முழுதும் ஆணாகவும் வயிறு முழுதும் பெண்ணாகவும், அதுவும் வேறொரு கிளையின் பெண்ணாகவும் ஒன்று பிறந்ததாக எங்கும் இல்லை. இல்லாததால் இருக்கக் கூடாது என்று அர்த்தமில்லை.

22 ஜூன், வெள்ளி

41-ஆம் ஸ்லைடை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமில்லை.

25 ஜூன், திங்கள்

எடுத்தேன்.

41, அதே நாளில் நான் அறுத்த இன்னொரு பூச்சி. எங்கள் ஆய்வகத் திரைச்சீலையில் பிடித்த சாதாரணத் துணிப் பூச்சி. முதல் இழுப்பறையில் இருக்கிறது. முள்ளை எண்ணினேன்: மூன்று. பெண். அதன் ஸ்லைடில் இருப்பது ஆண், காளான் பூச்சியின் ஆண்.

இரண்டு வயிறுகளும் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணங்களில் இருந்திருக்கும். மாற்றி எடுத்துவிட்டேன். பாலமும் இல்லை, பேரினமும் இல்லை. ஒரு பூச்சியின் இறக்கையை இன்னொரு பூச்சியின் வயிற்றோடு சேர்த்து நானே செய்த ஒன்று.

ஸ்லைடில் தேதி இருக்கிறது. 13.4.1996, சனிக்கிழமை. அந்த வாரம் என் மனம் வேலையில் இல்லை. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. தேதியைக் குறித்துவைக்கிறேன், அவ்வளவுதான்.

சுடலைமுத்து டீ கொண்டுவந்தார். "என்ன சார், பேயறைஞ்ச மாதிரி இருக்கிய?"

"ஒன்றுமில்லை. எண் மாறியிருக்கிறது."

"அம்புட்டுதான? மாத்தி ஒட்டிட்டாப் போவுது."

1 ஜூலை, ஞாயிறு

புட்டியில் இருந்த புழு பட்டினியில் கிடக்கிறது. கொஞ்சம் முடி போட்டேன், தொடவில்லை. அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம் என்று வீட்டு பீரோவின் அடித்தட்டை இழுத்தேன். காந்திமதி தபால் அலுவலகத் தோழியின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தாள். பட்டுச் சேலைகளுக்கு அடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மஞ்சள் கம்பளித் தொப்பி. என் முஷ்டி அளவு கூட இல்லை. ஓரத்தில் நாலைந்து பொத்தல்.

அவள் திரும்பி வந்தபோது அது என் மடியில் இருந்தது. செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"யார் சொல்லி எடுத்திய?"

"புழு வந்த வழியைப் பார்த்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். பொத்தலில் விரலை விட்டுப் பார்த்தாள். "நம்ம பிள்ள கண்ண மூடுத வரைக்கும் ஒம்பது நாள் போட்டிருந்தா. கண்ணாடிப் பெட்டிக்குள்ளயும் அவளுக்குத் தலை குளிருதுன்னு நர்ஸ் சொல்லிச்சு. மறுநாளே மேடம் பின்னிக் கொண்டாந்தாவ."

"எந்த மேடம்?"

"உங்க ஹெப்சிபா மேடம்தான். உங்ககிட்ட சொன்னா பிடுங்கி எறிஞ்சிருவியன்னு சொல்லல. பிறகும் ஒருக்க வந்தாவ, ஒரு புதன்கிழமை. கைப்பைக்குள்ள என்னமோ பெட்டிய வச்சிட்டு உங்களத் தேடினாவ. நீங்க வராந்தால நின்னு அவங்களப் பேசின பேச்சு வார்டு வரைக்கும் கேட்டுது."

புதன்கிழமை 17 ஏப்ரல். நான் பேசியது எனக்கும் நினைவிருக்கிறது.

இது போன்றவற்றுக்குக் காப்பகங்களில் செய்யும் வழி ஒன்று உண்டு என்றேன். பிளாஸ்டிக் உறையில் கட்டி இரண்டு வாரம் உறைநிலையில் வைத்தால் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும், கம்பளிக்கு ஒன்றும் ஆகாது. ஐஸ் தட்டை அகற்றி அவளே இடம் செய்து கொடுத்தாள். கட்டும் முன் தொப்பியின் பொத்தலில் தொங்கிய நூலைக் கிள்ளி என்னிடம் நீட்டினாள்.

"புட்டியில கிடக்குல்லா, அதுக்குப் போடுங்க. தொடங்குனத தின்னு முடிக்கட்டும்."

9 ஜூலை, திங்கள்

பெங்களூர்க் காப்பகத்திலிருந்து தொலைபேசி. தொகுப்பைப் பொறுப்பாகப் பார்க்கும் டாக்டர் அருள்மொழி. மதுரைப் பக்கத்துக் குரல்.

"சார், உங்க பட்டியல் பாத்தேன், பிரமாதம். ஆனா எடுக்க முடியாது போலிருக்கு. எங்க கோப்புல ஒரு புகார் இருக்கு, தொண்ணூத்தாறு மே. தொகுப்பு முழுக்க வண்டு, பராமரிப்பு சரியில்லைன்னு. அப்படி ஒண்ண உள்ள விட்டா எங்க பத்து லட்சம் பூச்சிக்கும் ஆபத்து."

"இப்போது ஒரு வண்டு கூட இல்லை."

"நீங்க சொல்றீங்க. புகார் கொடுத்தவரும் பேராசிரியர்தானே. ஆறுமுகநயினார்னு போட்டிருக்கு. உங்களுக்குச் சொந்தமா?"

"நான்தான்."

தாள் புரளும் ஓசை கேட்டது. பிறகு, "அப்ப சுலபம் சார். நாப்பத்திரண்டாம் எண்ணை வண்டு தின்னதா புகார்ல இருக்கு. தின்னதுன்னா தொற்று இருந்திருக்கு, நாங்க எடுக்க மாட்டோம். தின்னலைன்னா என்ன நடந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்க. கோப்புல சேத்துட்டு வண்டி அனுப்புறேன். இருபதாந் தேதிக்குள்ள."

10 ஜூலை, செவ்வாய்

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். குழி தோண்டுவார்கள். இருபத்தெட்டு இழுப்பறையும் மண்ணுக்குள் போகும். 42-ஆம் எண்ணும் போகும். என் தவறு யாருக்கும் தெரியாது. முதல்வருக்குக் கூட நிம்மதி.

முழுத் தொகுப்பையும் வண்டு தின்றதாக நான் அன்று எழுதியிருக்கிறேன். ஒரு பூச்சியைத்தான் அவர் சொன்னார். மற்ற மூவாயிரத்தைச் சேர்த்துக்கொண்டது நான்.

11 ஜூலை, புதன்

கட்டடத்தின் பின்பக்கம் குழிக்கு அளவெடுத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.

14 ஜூலை, சனி

நாசரேத்துக்குப் போனேன். ஹெப்சிபா அங்கே தங்கையோடு இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. கண் அறுவை சிகிச்சை முடிந்து கருப்புக் கண்ணாடி. கோழிக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், குரல் வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

"வாங்க நயினார். லென்ஸ் கெடைக்க இருபத்திரண்டு வருசம் ஆயிட்டா?"

நான் வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வாங்க. காப்பியா, மோரா? சண்டை போட வந்திருந்தா மோரு."

"காப்பி," என்றேன்.

கூடத்தில் உட்கார்ந்தோம். முள்ளை எண்ணினேன் என்றேன். அவர் தலையாட்டினார், நேற்று விட்ட பேச்சைத் தொடர்வது போல.

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெட்டிய எடுத்துட்டுத்தான் வந்தேன். காட்டிச் சொல்லிரணும்னு. நீங்க பெஞ்சுல இருந்தீங்க. சட்டையத் திருப்பிப் போட்டிருந்தீங்க, அது கூட உங்களுக்குத் தெரியல. அந்த மனுசங்கிட்டப் போயி, வயித்த மாத்தி ஒட்டிட்டீங்கன்னு எந்த வாயால சொல்ல? நீங்களோ நாளைக்கே கட்டுரையத் தபால்ல போடப் போறேங்கிய. அத நிப்பாட்டணும். வாய்க்கு வந்தது வண்டுதான்."

"பிறகு சொல்லியிருக்கலாம்."

"இருந்தேன். ஒரு மாசம் போகட்டும், ஆறட்டும்னு இருந்தேன். மாசம் திரும்புமுன்ன உங்க புகாரு வந்துட்டு. பிறகு எனக்கு வீம்பு. அவரே தொறந்து பாக்கட்டும்னு விட்டுட்டேன். நான் என்ன வானத்துலருந்தா குதிச்சேன்?"

உள்ளேயிருந்து அவர் தங்கை குரல் கொடுத்தார். "அந்தப் புகாரு நாந்தான் படிச்சுக் காட்டினேன். நாலு பக்கம். தமிழ் நல்லா இருந்துது."

ஹெப்சிபா சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், வரவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் வாக்கியம் செய்து வைத்திருந்தேன். கடைசியில் நான் சொன்னது, "வெள்ளிப் புள்ளியில் ஒரு செதில் உதிரவில்லை, மேடம்" என்பதுதான்.

"உதிர விட்டிருவனா?" என்றார். அப்புறம் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "அது கெடக்கட்டும். சரியான ஸ்லைடோட சேத்துப் பாத்தீங்களா? நாப்பத்திரண்டாம் பூச்சியையும் நாப்பத்தொண்ணாம் ஸ்லைடையும்?"

இல்லை என்றேன். தவறு என்று தெரிந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன்.

"அட மனுசா. பேரினம் இல்லன்னா பூச்சியே இல்லன்னு ஆயிருமா? போயி பாருங்க மொதல்ல."

கிளம்பும்போது கோழிக் கூண்டுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். பழைய இறகுகளுக்கு நடுவே ஒரு பூச்சி வெளிச்சத்தை விட்டு ஓடியது. பறக்கவில்லை, ஓடியது. இறக்கையில் ஜன்னல் பொட்டு. "இதுக்காவத்தான் கூண்ட முழுசாக் கழுவுறதில்ல. தங்கச்சிகிட்ட சொல்லிராதிய."

16 ஜூலை, திங்கள்

காலை: 42-ஆம் பூச்சி, 41-ஆம் ஸ்லைடு. கையிலிருக்கும் எல்லாப் புத்தகங்களோடும் ஒப்பிட்டேன். காளான் பூச்சிதான், ஐயமில்லை. ஆனால் உறுப்பில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் பிடிகொக்கிக்கு நான் அறிந்த எதிலும் இல்லாத வளைவு. புதியதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். முப்பத்திரண்டு வயதில் இருந்தால் இன்றே பெயர் வைத்திருப்பேன். இருபத்தேழாவது இழுப்பறையில் இடம் செய்து அங்கே குத்தினேன். "இடம் தெரியாதவை."

மதியம்: காப்பகத்துக்குக் கடிதம். ஒரு பக்கம்தான் வந்தது. வண்டு எதையும் தின்னவில்லை. தொகுப்பில் அன்றும் தொற்று இல்லை, இன்றும் இல்லை. வயிறுகளை மாற்றிப் பதித்தது நான். அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ஹெப்சிபா. என் பெயரைக் காக்கத் தன் பெயரில் பழியை ஏற்றுக்கொண்டார். என் புகாரில் உள்ள மற்றவை நான் கோபத்தில் சேர்த்தவை. நகல்: முதல்வருக்கு.

முதல்வர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத இப்ப வெளிய சொல்லணுமா நயினார்? வண்டு போயிட்டுன்னு ரெண்டு வரி எழுதினாப் போதாதா?"

போதாது என்றேன்.

17 ஜூலை, செவ்வாய்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஊசியில் ஒருமுறை குத்திய சீட்டை யாரும் எடுக்கக் கூடாது. முந்தியவர் எழுதியது தப்பே என்றாலும் அது அப்படியே இருக்கும். நம் சீட்டை அதற்குக் கீழே குத்த வேண்டும். பின்னால் பார்ப்பவர் மேலிருந்து கீழாகப் படித்துத் தெரிந்துகொள்வார், யார் எப்போது என்ன நினைத்தார் என்று.

"புதிய பேரினம்" என்ற என் சீட்டைக் கிழித்துவிட மிகவும் ஆசையாக இருந்தது. கிழிக்கவில்லை. அதன் கீழே ஹெப்சிபாவின் சீட்டு. அதற்கும் கீழே நான் இன்று எழுதியது. ஒரு சென்டிமீட்டர் அகலச் சீட்டில் அதிகம் எழுத முடியாது, அது நல்லதுதான்:

"ஸ்லைடு 41, 42 மாறியுள்ளன. தவறு என்னுடையது. கண்டது ஹெப்சிபா. ஆ.ந., 2018."

எழுத்து அவருடையது போல வரவில்லை. நான்கு சீட்டு வீணானது.

24 ஜூலை, செவ்வாய்

வண்டி 30-ஆம் தேதி வருகிறது. சுண்ணாம்புக் கோட்டின் மேல் யாரோ மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள்.

29 ஜூலை, ஞாயிறு

காலையில் காந்திமதி கூப்பிட்டாள். "இங்க வாங்க, உங்க புழு கதவத் தெறந்துட்டு."

மஞ்சள் நூலைத் தின்று முடித்த பிறகு கூட்டின் இரண்டு வாசலையும் அடைத்துக்கொண்டு புட்டியின் மூடியில் தொங்கிக் கிடந்தது. இன்று ஒரு நுனியில் வெறும் தோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பூச்சி. சாம்பல் இறக்கை, மூன்று கரும்புள்ளி, பரட்டைத் தலை. புதிதாக வந்த பூச்சியின் செதில்களுக்கு ஒரு மினுக்கம் உண்டு, ஒரு நாளில் போய்விடும். இருவரும் மாறி மாறி லென்ஸ் வைத்துப் பார்த்தோம்.

"இதையும் அந்த வண்டியில அனுப்பிரலாமா?" என்று அவள்தான் கேட்டாள்.

"ஊசியில் குத்த வேண்டும்."

"தெரியும். உங்களக் கட்டி இருபத்தாறு வருசம் ஆச்சு."

ஊசியில் பூச்சியும், அதன் கீழே ஓர் அட்டைத் துண்டில் மஞ்சள் வளையமுள்ள கூடும். சீட்டு எழுதினேன். பாளையங்கோட்டை, வீடு. 29.7.2018. கம்பளித் தொப்பியில் வளர்ந்தது. எடுத்தவர் என்ற இடத்தில் காந்திமதி என்று எழுதினேன். தன் பெயரை அத்தனை சின்ன எழுத்தில் அவள் பார்த்ததில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தாள்.

ஆணா பெண்ணா என்று ஒரு வரி பாக்கி இருந்தது. இந்த முறை முதலில் முள்ளை எண்ணினேன். அவளையும் எண்ணச் சொன்னேன்.

மூன்று. பெண்.